வத்தல்மலைக்கு ஏறிவந்த மதிப்பெண்கள்

எஸ்.எஸ்.எல்.சி. என்ற நான்கெழுத்து சென்னை மாகாணத்துக்கு வந்தது 1911இல். அதற்கு முன்பு 1857 முதல் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வுதான் பள்ளிப் படிப்பின் கடைசி வாசல். அதில் தேறியவர்களைவிடத் திரும்பியவர்கள் அதிகம். ஒரே ஒரு தேர்வை வைத்துப் பிள்ளையை எடைபோடுவது சரியா என்ற கேள்வி எழுந்த பிறகே எஸ்.எஸ்.எல்.சி. திட்டம் பிறந்தது. மாணவர் கையில் கொடுத்த சான்றிதழ் ஒரு புத்தகம். பொதுத்தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணோடு பள்ளியில் வாங்கிய மதிப்பெண்ணும் அதில் ஏறியது. பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் என்று ஆளையே எழுதிவைத்த புத்தகம் அது. நூறாண்டு கழித்து "தொடர் மதிப்பீடு" என்று புதிதாகப் பேசப்பட்டதன் விதை அந்தப் புத்தகத்திலேயே இருந்தது என்பதை இக்கால ஆசிரியர்களுக்கு நினைவூட்டுவது நம் கடமை.

இன்று தருமபுரி மாவட்டத்தில் இருக்கும் வத்தல்மலை அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. சாமையும் கேழ்வரகும் விளைந்த மலை. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்ந்த பெரியூர், பால்சிலம்பு, ஒன்றிக்காடு, சின்னாங்காடு போன்ற ஊர்களுக்கு ஒற்றையடிப் பாதைதான் வழி. உப்பும் மண்ணெண்ணெயும் தலைச்சுமையாக ஏறிய இடத்துக்குப் பள்ளிக்கூடம் பிந்தித்தான் ஏறியது. தேர்வு அதற்கும் பிந்தி.

1952இல் நியமிக்கப்பட்ட இடைநிலைக் கல்வி ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். ஆண்டுக் கடைசியில் ஒரு தேர்வு, அதில் ஓர் எண், அந்த எண்ணே ஒருவனின் விதி என்ற வழக்கத்தை அவர் தலைமையிலான குழு கடுமையாகக் குறை கூறியது. எண்ணுக்குப் பதிலாக எழுத்துத் தரம் தரலாம், பள்ளியில் ஆண்டு முழுதும் செய்த வேலையையும் கணக்கில் சேர்க்கலாம் என்று 1953இலேயே எழுதிவைத்தது. தமிழ்நாட்டு வகுப்பறையில் அந்த எழுத்துகள் ஏற அறுபது ஆண்டு ஆயிற்று. பரிந்துரைக்கும் நடைமுறைக்கும் இடையே மலையும் அடிவாரமும் போல ஒரு தூரம் எப்போதும் உண்டு.

அந்தப் பத்தாண்டில் எழுந்த முதல் கேள்வி, பிள்ளை பள்ளிக்கு வருமா என்பதே. முதலமைச்சர் காமராஜரும் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவும் சேர்ந்து மதிய உணவையும் சீருடையையும் ஊர்தோறும் கொண்டுபோன காலம் அது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். உண்டு உறைவிடப் பள்ளிகள் மலைகளுக்கு வந்தது இந்த நெடுங்கதையின் ஒரு பகுதி. மலைப்பிள்ளையின் வருகைப் பதிவேடு நிரம்பியது சோற்றால்தான். இதைச் சொல்ல நமக்குக் கூச்சமில்லை.

1965 அக்டோபர் 2இல் தருமபுரி தனி மாவட்டம் ஆனது. 1975 பிப்ரவரியில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித் துறையாகப் பிரிந்தது. 1978இல் பதினொன்றாம் வகுப்போடு முடிந்த பழைய முறை போய், கல்லூரியின் பி.யு.சி.யும் போய், பத்தும் இரண்டும் என்ற புதிய முறை வந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. அன்று முதல் ஒரு பிள்ளை இரண்டு மலை ஏற வேண்டியதாயிற்று. பத்தாம் வகுப்பில் 500, பிளஸ் டூவில் 1,200. பாடந்தோறும் நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி.

அந்த 35 மலையில் என்ன செய்தது என்பதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். பல்லாண்டு காலம் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க மலையிறங்க வேண்டியிருந்தது. விடுதியில் இடம் கிடைத்தால் விடுதி, இல்லாவிட்டால் உறவினர் வீட்டுத் திண்ணை. மார்ச் மாதம் தேர்வு என்றால் முதல் நாளே அனுமதிச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடிவாரத்துக் கொமத்தம்பட்டிக்கு இறங்கிவிடுவார்கள். அதுவரை எட்டு வகுப்பும் படித்த பள்ளியில் ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். தேர்வு மையத்தில் பிள்ளைக்குப் பெயர் கிடையாது, பதிவெண்தான். மே மாதம் முடிவு வரும்போது செய்தித்தாளில் பொடி எழுத்தில் வரிவரியாக எண்கள் இருக்கும். அடிவாரத்து டீக்கடையில் அந்தத் தாளை மேசையில் விரித்துவைத்து, ஆட்காட்டி விரலை மேலிருந்து கீழே நகர்த்தித் தேடுவார்கள். "நம்பர் வரலை" என்று ஒருவர் சொன்னால் அதற்குமேல் விசாரணை இல்லை. கணக்கில் 34 எடுத்த பையனும் ஐந்து பாடத்திலும் விழுந்த பையனும் அந்தத் தாளில் ஒன்றுதான். இருவர் எண்ணும் இருக்காது. அடுத்த வாரம் அவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ, கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கோ, திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ வண்டி ஏறியிருப்பான்.

அப்படிப் போகாமல் தடுத்து நிறுத்தியவர்கள் நம் ஆசிரியர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அரிக்கேன் விளக்கில் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள், தேர்வுக் கட்டணத்தைத் தங்கள் பையிலிருந்து கட்டியவர்கள், அக்டோபர் மறுதேர்வுக்குப் பையனைத் தோட்டத்திலிருந்து திரும்ப அழைத்து வந்தவர்கள் இந்த வட்டாரத்தில் பலர். பெயர்களை வரிசைப்படுத்தினால் விடுபட்டவர் வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே எல்லாரையும் ஒருசேர வணங்கிவிட்டுக் கடக்கிறோம். பின்னாளில் முடிவு வந்த கையோடு உடனடித் துணைத் தேர்வு வந்தபோது, ஓர் ஆண்டை இழக்காமல் அதே ஆண்டில் பிளஸ் ஒன் சேர வழி பிறந்தது. தேர்வு முறையில் நடந்த மாற்றங்களில் மலைப்பிள்ளைக்கு மிக நேராகக் கைகொடுத்தது இதுவே என்பது நம் கணிப்பு. அறிக்கைகளில் இதற்கு அரைப் பக்கம்கூட ஒதுக்கப்பட்டதில்லை.

2000-களில் காற்று தொடக்கப் பள்ளிப் பக்கம் திரும்பியது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். தொடங்கிவைத்த செயல்வழிக் கற்றல், 2007இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவியது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையே அதற்கு முன்மாதிரி. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. கரும்பலகை சுவரின் அடிப்பகுதிக்கு இறங்கிப் பிள்ளையின் உயரத்துக்கு வந்தது. ஏணிப்படி அட்டவணையில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்துக்கொண்டது. காய்ச்சலுக்கோ திருவிழாவுக்கோ பத்து நாள் வராத குழந்தை திரும்பி வந்து, விட்ட அட்டையிலிருந்து தொடர்ந்தது. ஒரே அறையில் பல வகுப்புகளை வைத்துப் பாடம் நடத்திப் பழகிய மலையாசிரியருக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. கீழே இருந்தவர்கள் பயிற்சி எடுத்துக் கற்றதை, மேலே இருந்தவர்கள் வேறு வழியில்லாமல் முன்பே செய்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த பத்தாண்டு மாற்றங்களின் பத்தாண்டு. மாநிலப் பாடம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்து கிடந்ததை ஒன்றாக்க 2006இல் முனைவர் ச. முத்துக்குமரன் தலைமையில் குழு அமைந்தது. 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே புத்தகம் எல்லா வகுப்புக்கும் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு இரண்டு மாதத்துக்கு மேல் புத்தகமின்றி வகுப்பு நடத்தியதை ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மெட்ரிக்கில் 1,100க்கு எழுதிய நகரத்துப் பிள்ளையும் 500க்கு எழுதிய மலைப்பிள்ளையும் ஒரே வினாத்தாளின் முன் அமர்ந்தது அதன் பிறகுதான். பத்தாம் வகுப்பு அறிவியலுக்குச் செய்முறை 25, எழுத்து 75 என்று பிரித்தது எழுதத் தடுமாறும் பிள்ளைக்கு ஒரு கைப்பிடி.

2012இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் எட்டாம் வகுப்பு வரை வந்தன. அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கும். வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. 91 முதல் 100 வரை ஏ1, அதிலிருந்து படிப்படியாக இறங்கி இ2 வரை ஒன்பது தரங்கள். முதலியார் குழு சொன்ன எழுத்துகள் ஒருவழியாக வந்து சேர்ந்தன. வளரறி 'அ' செயல்பாட்டுக்கு இலை சேகரித்து வரச் சொன்னால் நகரத்துப் பிள்ளை கடையில் படத்தாள் வாங்கும். நம் பிள்ளை காபி இலை, மிளகுக் கொடி, சாமைக் கதிர், பலா இலை என்று கைநிறைய அள்ளி வந்து, எது எந்த மாதம் பூக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லும். அந்த 20 மதிப்பெண்ணைத் தயங்காமல் முழுதாகப் போட்டோம். பதிவேடுகள் கூடின, ஆசிரியர் வீட்டு இரவுகள் குறைந்தன. ஆனாலும் ரேங்க் அட்டையை அப்பாவிடம் காட்டப் பயந்து ஒளித்து வைக்கும் வழக்கம் குறைந்தது. தரத்தில் சி1 என்றிருந்தால் வீட்டில் யாருக்கும் அடிக்கத் தோன்றவில்லை.

2017 மே மாதம், மாநில, மாவட்ட முதலிடப் பட்டியல் வெளியிடுவது நின்றது. அதுவரை பொதுத்தேர்வு முடிவு என்றால் மாலையும் லட்டும் விளம்பரப் பலகையும்தான். அந்தப் படங்களில் நம் மலையிலிருந்து ஒரு முகம்கூட வந்ததில்லை. பட்டியல் போனதால் நமக்கு இழப்பொன்றும் இல்லை. அடுத்து வந்த 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது, 1,200 போய் 600 ஆனது. உயர்கல்விக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று 2018இல் அறிவிப்பு வந்தது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் அரசாணை வந்ததும், 2020 பிப்ரவரி 4இல் அது திரும்பப் பெறப்பட்டதும் அறிந்ததே. அந்த ஐந்து மாதமும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பெற்றோருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு கொரோனா. 2020 ஜூன் 9இல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடு, வருகைக்கு 20 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வரும். காபிப் பழம் பறிப்பதும் அந்தப் பருவத்தில்தான். வீட்டோடு பழம் பறிக்கப் போன பிள்ளைக்குத் தேர்வும் குறைந்திருக்கும், வருகையும் குறைந்திருக்கும். அப்படியிருந்தும் யாரையும் தோல்வி என்று எழுதாத ஆண்டு அது. 2021இல் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எண்ணே இல்லை, தேர்ச்சி என்ற சொல் மட்டும். பிளஸ் டூவுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என்று கூட்டினார்கள். ஓர் எண்ணை உண்டாக்க இத்தனை வழி இருக்கிறதே என்று கணக்காசிரியர்களே வியந்தார்கள். 

பள்ளி திறந்ததும் இல்லம் தேடிக் கல்வி, 2022இல் எண்ணும் எழுத்தும் என்று திட்டங்கள் வரிசையாக வந்தன. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். மொட்டு நிலையில் இருக்கும் பிள்ளையின் அம்மாவிடம் அதைச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் நாக்கு கூசாது.

2025 ஆகஸ்டு 8இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்று உறுதி செய்தது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 முதல் எடுத்துவிட்டது. எட்டாண்டு இருந்துவிட்டுப் போன தேர்வு அது. 2025-26இல் பிளஸ் ஒன் சேர்ந்த நம் மலைப்பிள்ளைகளே அது இல்லாத முதல் அணி. வீட்டில் அண்ணன், அக்கா வைத்திருக்கும் பிளஸ் ஒன் மதிப்பெண் சான்றிதழ் இவர்களுக்கு இருக்காது. அரையாண்டுத் தேர்வு வழக்கம்போல டிசம்பரில் வருகிறது. காபிப் பறிப்பும் அப்போதுதான் என்பதால், எந்தெந்த வீட்டுக்கு முன்கூட்டிப் போய்ச் சொல்ல வேண்டும் என்ற பட்டியலை ஆசிரியர்கள் நவம்பரிலேயே எழுதிவிடுகிறார்கள்.