தேவதைகளும் மதுவிலக்கும் - 7: ஜீன் கையில் பென்சில்

1922, ஜூன் மாதம். அமெரிக்காவில் மதுவிலக்கு வந்து இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. அட்லாண்டிக் சிட்டியில் அது பெயருக்குத்தான். கரையிலிருந்து மூன்று மைல் தாண்டினால் அமெரிக்கச் சட்டம் செல்லாது. அங்கே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களிலிருந்து, இருட்டியதும் படகுகள் விஸ்கிப் பெட்டிகளை ஏற்றி வரும்.

அந்த ஊரின் அம்பாசடர் ஹோட்டலில் தங்கியிருந்தார் சர் ஆர்தர் கோனன் டாயில். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவர் இப்போது ஊர் ஊராகப் பேசியது வேறு விஷயம்: இறந்தவர்கள் நம்மோடு பேசுகிறார்கள், தேவதைகளும் உண்டு!

தேவதைகளுக்கு அவர் காட்டிய சான்று, சென்ற வாரம் பார்த்த காட்டிங்லி படங்கள். அவற்றை எடுத்த சிறுமிகள் இருவரில், முதல் படங்களை 1917-இல் எடுத்தபோது எல்ஸிக்கு 16 வயது, ஃபிரான்சிஸுக்கு 9. காகிதத்தில் வரைந்து வெட்டிய தேவதைகளைத் தொப்பி ஊசியால் குத்தி, செடிகளுக்கு நடுவே நிறுத்தியிருந்தார்கள். அதை அவர்கள் ஒப்புக்கொண்டது 1983-இல்தான். நம் அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையைச் சேர்ந்த எட்வர்ட் கார்ட்னர் வழியாக அந்தப் படங்கள் டாயிலை எட்டின.

துப்பறியும் கதை எழுதியவர் ஏமாந்தாரே என்று உலகம் சிரித்தது. அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருந்தால் சிரிப்பு வந்திருக்காது. சோம் போர்க்களத்தில் காயம்பட்ட மகன் கிங்ஸ்லியை 1918 அக்டோபரில் விஷக்காய்ச்சல் கொண்டுபோனது. நான்கே மாதத்தில் டாயிலின் தம்பி இன்னஸ். டாயிலின் மனைவி ஜீனின் சகோதரரோ 1914-லேயே போரில் மாண்டிருந்தார்.

ஜீன் மீது டாயில் காதல் கொண்டது 1897-இல். காசநோயோடு போராடிய மனைவி லூயிசாவை அவர் கைவிடவில்லை. லூயிசா 1906-இல் மறைந்த பிறகே, மறு ஆண்டு ஜீனை மணந்தார். அப்படிக் காத்திருந்து சேர்ந்த ஜீன்தான் இப்போது ஆவிகளின் சொற்களை எழுதித் தருபவர். அந்தக் கையை டாயில் எப்படிச் சந்தேகிப்பார்?

அட்லாண்டிக் சிட்டிக்கு அவர் அழைத்திருந்த நண்பர், மாயவித்தைக்காரர் ஹூடினி. 1913-இல் தாய் செசிலியா இறந்த செய்தி கேட்டு மயங்கி விழுந்தவர். தாயிடமிருந்து ஒரு சொல்லாவது வராதா என்ற ஏக்கம் ஒன்பது ஆண்டாகியும் தணியவில்லை. மதுவைத் தடுக்கச் சட்டம் உண்டு. இந்தத் தாகத்தைத் தடுக்க எந்த அரசாலும் ஆகாது.

“என் மனைவி உங்களுக்காக எழுத முயல்கிறாள்” என்று டாயில் கூப்பிட்டார். ஹூடினியின் மனைவி பெஸ் அறைக்கு வரவில்லை. ஆனால் இருவரும் மேடையில் பயன்படுத்தும் சங்கேதத்தால் கணவருக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பினார்: நேற்றிரவு நான் உங்கள் அம்மாவைப் பற்றி ஜீனிடம் பேசினேன்!

டாயில் திரைகளை இழுத்துவிட்டார். மேசை மேல் காகிதக் கட்டு, பென்சில்கள். ஹூடினி கண்களை மூடி, நம்ப வேண்டும் என்றே மனதார வேண்டினார். ஜீனின் கை நடுங்கியது. “கடவுளை நம்புகிறாயா?” என்று ஜீன் ஆவியைக் கேட்டார். கை மேசையை மூன்று முறை தட்டியது. பென்சில் காகிதத்தில் இறங்கி, முதலில் ஒரு சிலுவையை வரைந்தது.

சிலுவையா? செசிலியா, யூத மதகுரு ஒருவரின் மனைவி ஆயிற்றே!

ஹூடினி வாய் திறக்கவில்லை. பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. தாய் எழுதியதாக வந்த கடிதம் எந்த மொழியில் இருந்தது?

(தொடரும்)