இணையத் தொலைக்காட்சி: பெட்டி வாங்கும் முன் இணைப்பைப் பாருங்கள்

இணையம் வழி தமிழ்ப் படமும் தொடரும் பார்க்க ஆசைப்படும் பலர் முதலில் வாங்குவது பெட்டியைத்தான். ஆனால், முதலில் பார்க்க வேண்டியது வீட்டுக்கு வரும் இணைய இணைப்பு. மலாக்கா நகரமானாலும் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரத் தோட்டங்களானாலும் இந்த வரிசை மாறினால் பணம் வீண்.

1. இணைப்பு

தாமான் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கிடைத்தால் அதுவே நல்லது. ஃபைபர் வராத தோட்ட வீடுகளுக்குச் சிம் அட்டை போடும் மோடம் உண்டு. அதற்குப் பணம் கட்டும் முன், தொலைக்காட்சி இருக்கும் இடத்திலேயே கைப்பேசியில் ஒரு படத்தை ஓட்டிப் பாருங்கள். பகலில் மட்டுமல்ல, எல்லாரும் இணையத்தில் இருக்கும் இரவு 8 மணிக்கும் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் அலை பலவீனமாக இருந்தால், அண்டை வீட்டார் பயன்படுத்தும் வேறு நிறுவனத்தின் சிம்மைச் சோதியுங்கள்.

தெளிவான எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் வேகம் போதும் என்கிறது நெட்பிலிக்ஸ். எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை டேட்டாவை விழுங்கும். தினமும் 2 மணி நேரம் பார்த்தால் மாதம் 180 ஜிபி. நடுத்தரத் தரத்துக்கு மாற்றினால் மணிக்கு 0.7 ஜிபி, அதாவது மாதம் 42 ஜிபிதான். 'அன்லிமிடெட்' திட்டமானாலும் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு உண்டா என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

2. கருவி

ஸ்மார்ட் டிவி இருந்தால் வேறு கருவி தேவையில்லை. சாதாரண டிவியின் பின்புறம் எச்டிஎம்ஐ துளை இருந்தால் ஸ்டிக் அல்லது பெட்டி ஒன்றைப் பொருத்தலாம். யுஎஸ்பி துளை மட்டும் இருந்தால் போதாது. வாங்கும் பெட்டியில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

3. இலவசத்தில் தொடங்குங்கள்

ஆர்டிஎம்மின் 'ஆர்டிஎம் கிளிக்' செயலியில் டிவி2, மின்னல் பண்பலை இரண்டும் இலவசம். யூடியூப்பும் உண்டு. இவை தடங்கலின்றி ஓடினால் மட்டுமே கட்டணச் சேவைக்குப் போங்கள். நெட்பிலிக்ஸின் 'மொபைல்' திட்டம் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டுமே, டிவியில் ஓடாது. கட்டணச் சேவைகள் மாதந்தோறும் தாமாகவே பணம் பிடிக்கும். புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

4. 'ஒரே கட்டணம், ஆயுள் முழுக்க' பெட்டி

ஒருமுறை பணம் கட்டினால் எல்லா அலைவரிசையும் வரும் என்று விற்கப்படும் பெட்டிகளிடம் எச்சரிக்கை தேவை. 2022 மார்ச் 18 முதல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, திருட்டு ஒளிபரப்புக்கான கருவியை விற்பதும் விநியோகிப்பதும் குற்றம். 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அந்த ஒளிபரப்பு முடக்கப்பட்டால், வாங்கியவர் கையில் மிஞ்சுவது வெறும் பெட்டி. அதில் வங்கிக் கடவுச்சொல்லை ஒருபோதும் தட்டாதீர்கள்.

5. இணைப்பே சரியில்லையா?

2019இல் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, 'மைஃப்ரீவியூ' இலக்கவியல் ஒளிபரப்பு நாடு முழுவதும் வந்துவிட்டது. டிவிபி-டி2 வசதியுள்ள டிவி அல்லது டிகோடருடன் ஆண்டெனா இருந்தால், இணையமே இல்லாமல் டிவி2 தமிழ்ச் செய்தியை இலவசமாகப் பார்க்கலாம். மாதக் கட்டணமும் இல்லை.

செயலியை இறக்கவும் கணக்குத் திறக்கவும் சிரமப்படும் பெரியவர்கள், பக்கத்தில் உள்ள 'நாடி' இணைய மையத்தில் உதவி கேட்கலாம்.