பெயர் தாங்கிய தசைகள்: கார்ட்டர், பைக்குல்லா, வயிற்றுச் சுவர்

வயிற்று அறுவைக்குப் பின் எழும் வலியில் பெரும்பகுதி, கிழிபட்ட வயிற்றுச் சுவரிலிருந்து வருவது. கீழ் மார்பு நரம்புகள் ஆறும் முதல் இடுப்பு நரம்பும் இச்சுவருக்கு உணர்ச்சி தருகின்றன. விலாப்புறத்தில் மூன்று தசை அடுக்குகள் உள்ளன: வெளிச் சாய்தசை, உள் சாய்தசை, குறுக்குத்தசை. நரம்புகள் செல்வது பின்னிரண்டுக்கும் இடையிலான தளத்தில். மரப்பு மருந்து அங்குச் சேர்ந்தால் சுவரின் வலி தணியும். உள்ளுறுப்பின் வலி தணியாது. ஊசி ஓர் அடுக்கு தாண்டினால் வயிற்றறைக்குள் நுழைந்துவிடும்.

ஆகவே, கண்ணுக்குத் தெரியாத தளத்தை வெளியிலிருந்து எவ்வாறு கண்டறிவது என்பதே இத்துறையின் அடிப்படை வினா. 1899இல் கார்ல் லுட்விக் ஷ்லைக் வயிற்று நேர்த்தசை உறைக்குள் மருந்து செலுத்தும் முறையை விவரித்தார். 2001இல் ரஃபி, 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பெட்டியின் பெயரால் வழங்கும் முக்கோணத்தை வாயிலாகக் கொண்டார். அதன் கீழெல்லை இடுப்பெலும்பின் விளிம்பு. முன்னெல்லை வெளிச் சாய்தசை. பின்னெல்லை முதுகின் அகன்ற தசை. தசையுறையை ஊசி துளைக்கும்போது விரலில் உணரப்படும் தடைநெகிழ்வே அன்று வழிகாட்டி. 2007 முதல் மீயொலிப் படம் அவ்விடத்தைப் பெற்றது. ஆயினும் திரையில் தெரியும் சாம்பல்நிற அடுக்குகளுக்குப் பெயர் சொல்ல உடற்கூற்றறிவே வேண்டும்.

அவ்வறிவை மாணவர் தலைமுறைகளுக்கு வழங்கிய நூல், 1858இல் இலண்டனில் வெளிவந்த ஹென்றி கிரேயின் உடற்கூற்றியல். அதன் 363 படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். அக்காலப் பாடநூல்கள் பலவற்றில் உறுப்புகளின்மீது எழுத்தோ எண்ணோ இருக்கும். பொருளை வேறிடத்தில் தேட வேண்டும். இந்நூலிலோ பெயர்கள் பெரும்பாலும் உறுப்பின்மேலேயே, தசைநார் ஓடும் போக்கிலேயே அச்சாயின. மொழியியல் நோக்கில் இது சிறிய மாற்றமன்று. குறிக்கும் பொருளுக்கும் இடையே நின்ற எண் என்னும் இடைத்தரகர் விலகினார். பார்ப்பதும் பெயர் கற்பதும் ஒரே செயலாயின.

அந்நூல் வெளிவந்தபோது கார்ட்டர் இலண்டனில் இல்லை. அதே ஆண்டு பம்பாய்க்கு வந்து, 1845இல் நிறுவப்பட்ட கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியலும் உடலியங்கியலும் கற்பிக்கும் பேராசிரியரானார். அம்பர்நாத்திலிருந்து சத்ரபதி சிவாஜி முனையம் செல்லும் ரயில்கள் கடக்கும் பைக்குல்லாவில் அக்கல்லூரி இன்றும் இயங்குகிறது. தலைப்புப் பக்கத்தின் மெய்ப்பில் கார்ட்டரின் பெயரைச் சிறிதாக்கவும் அவரது பம்பாய்ப் பதவியை நீக்கவும் கிரே குறிப்பிட்டார். கிரேக்கு விற்பனைக்கேற்ற உரிமத்தொகை கிடைத்தது. கார்ட்டருக்கு ஒருமுறை மட்டும் 150 பவுண்டு.

பம்பாயில் அவர் ஆராய்ந்த நோய்களுள் ஒன்று, மதுரையின் பெயரால் 'மதுரைக் கால்' எனப்பட்டது. அதற்கு அவர் சூட்டிய பெயர் 'மைசிட்டோமா', அதாவது பூஞ்சைக் கட்டி. ஊர்ப்பெயரை நீக்கி நோயின் காரணத்தைப் பெயரில் வைத்தார்.

கிரேயின் நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனத் தமிழில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீனின் முயற்சியால் உருவான நூல்களுள் அதுவும் ஒன்று. உடலின் உள்ளடுக்குகளைத் தமிழ் மாணவர் தம் மொழியிலேயே பெயரிட்டுக் காணலாம் என்பதை அது நிறுவிக் காட்டியது.

கிரேயும் கார்ட்டரும் அறுத்தாய்ந்த உடல்களோ, 1832ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமை கோர ஆளின்றிப் பெறப்பட்ட ஏழைகளுடையவை. ஒவ்வொரு தசைக்கும் பெயர் பொறித்த நூலில் அவர்களுள் ஒருவர் பெயரும் இல்லை. வரைந்தவரின் பெயரேனும் சிறிய எழுத்தில் எஞ்சியது. அறிவியல் வரலாற்றை எழுதுவோர், எதற்குப் பெயர் இடப்பட்டது என்பதோடு எவர் பெயர் விடப்பட்டது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.