சென்னைக்குத் தபால் கொண்டுவந்தவர்

ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பட்டுப் புடவை ஒன்று தறியில் வளர்ந்துகொண்டிருந்தது. "இதைக் கட்டிக்கொள்ளப் போகிறவர்களுக்கு உங்கள் பெயர் தெரியுமா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"கடைப் பெயர் தெரிந்தால் போதாதா சார்?" என்றார் பெரியவர், பாவில் அறுந்த இழையை முடிந்தபடியே.

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு நெவில் வின்சென்ட்டின் ஞாபகம் வந்தது. யார் அவர் என்கிறீர்களா? அதுதான் விஷயமே!

இந்தியாவில் ஆகாயத் தபால் என்றவுடன் எல்லோரும் ஜே. ஆர். டி. டாட்டாவைச் சொல்வார்கள். நியாயந்தான். 1932 அக்டோபர் 15-ஆம் தேதி, ஒற்றை எஞ்சின் 'பஸ் மாத்' விமானத்தில் கராச்சியிலிருந்து தபாலுடன் கிளம்பி, அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார் அவர். ஆனால் சென்னைக்கு உரிய கடிதங்கள் ஜுஹுவிலிருந்து தாமாகப் பறந்து வந்துவிடவில்லை. அவற்றை ஏற்றிக்கொண்டு, பல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னையில் சேர்த்தவர் வின்சென்ட்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர். பிறகு ஒரு நண்பருடன் இந்தியாவில் ஊர் ஊராகச் சென்று, காசு வாங்கிக்கொண்டு மக்களை ஆகாயத்தில் ஏற்றிக் காட்டினார். லண்டனிலிருந்து கராச்சி வரை பறந்து வரும் கடிதம், அங்கிருந்து ரயிலில் ஊர்ந்து வருவானேன் என்று முதலில் யோசித்தவர் அவரே. யோசனை அவருடையது, பணம் டாட்டாவினுடையது.

அப்போது விமானத்தில் வானொலிக் கருவி கிடையாது. ஜுஹு மைதானமோ வெறும் சேற்றுத் தரை. மழைக்காலத்தில் அங்கே இறங்க முடியாது. பூனாவுக்குப் போக வேண்டும். அப்படியிருந்தும் முதல் ஆண்டில் சுமார் 1,60,000 மைல் பறந்து, ஏறக்குறைய பத்து டன் தபாலைச் சுமந்தார்கள். காலந்தவறாமைக்கு அரசாங்கத்தின் பாராட்டும் கிடைத்தது.

யுத்தம் வந்தது. இந்தியாவிலேயே விமானம் கட்டும் திட்டத்துக்காக வின்சென்ட் இங்கிலாந்து சென்றார். 1942 ஜனவரியில் ராணுவ விமானம் ஒன்றில் திரும்புகையில், அந்த விமானம் வந்து சேரவே இல்லை. அவருக்கு நாற்பது வயதுகூட நிரம்பவில்லை.

கம்பெனி 1946-இல் ஏர் இந்தியா ஆயிற்று. 1953-இல் அரசாங்கத்திடம் போயிற்று. 2022-இல் மறுபடி டாட்டாவிடமே வந்தது. கடைப் பெயர் நிலைத்துவிட்டது.

பெரியவரிடம் விடைபெறுமுன் அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். "எதற்கு சார்?" என்று சிரித்தார். கடைப் பெயர் மட்டும் போதாது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?