யார் தொடலாம் அந்த உடலை? - காவிரிப் படுகையில் பெரிய வெள்ளி

1

பங்குனிக் கடைசியில் நன்னிலம் பக்கம் போனால் வயல்கள் வெறுமையாகக் கிடக்கும். தாளடி அறுத்து, அதில் தெளித்த உளுந்தும் பயறும் எடுத்தாயிற்று. மேட்டூர் திறக்க, வழக்கப்படி, ஜூன் 12 ஆகவேண்டும். வேலையும் இல்லை, தண்ணீரும் இல்லை. இந்த இடைவெளியில்தான் பெரிய வெள்ளி வருகிறது. மார்ச் 20க்கு முன்னால் வராது, ஏப்ரல் 23க்குப் பின்னால் போகாது. வசந்தகாலச் சம இரவு நாளை ஒட்டி வரும் முழுநிலவை வைத்து நாள் குறிப்பதால், பங்குனி உத்திரத்தின் நிலவும் பெரிய வெள்ளியின் நிலவும் பல ஆண்டுகளில் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. திருவாரூரில் தியாகராசரின் பாத தரிசனத்துக்குக் கூட்டம் நிற்கும் அதே பருவத்தில், மாதா கோயில்களில் இன்னொரு கூட்டம் செத்துப்போன ஒரு மனிதனின் பாதத்தை முத்தி செய்ய வரிசையில் நிற்கிறது.

இந்த நாளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் மறைக்கல்வி படிக்கும் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்: "இயேசு எல்லாருக்காகவும் செத்தாரு." சரி. ஆனால் 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்பதை வேதாகமம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒரு திருநாளின் அர்த்தத்தை அதன் பிரதியில் தேடுவது பாதி வேலைதான். அந்தப் பிரதி ஓர் ஊரில் எப்படி நிகழ்த்தப்படுகிறது, யார் கை எதைத் தொடுகிறது, எது எந்தத் தெரு வழியாகப் போகிறது, யார் குடித்த பாத்திரத்தில் அடுத்து யார் வாய் வைக்கிறார் என்று பார்ப்பது மீதிப் பாதி. பெரிய வெள்ளியின் நடுவே இருப்பது தத்துவம் அல்ல, ஓர் உடல். அடிபட்டு, குத்துப்பட்டு, செத்த உடல். தீட்டின் பெயரால் உடல்களைப் பிரித்து வைத்திருக்கும் ஒரு சமூகத்தின் நடுவில் அப்படியோர் உடலைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? நம் பகுதியின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

2

முதலில் அனுசரிப்பு. கத்தோலிக்கர்களுக்கு ஆண்டில் பூசை இல்லாத நாள் இது. பீடத்தின் துணிகள் களையப்பட்டிருக்கும். மணி அடிக்காது, மரக்கட்டையைத் தட்டித்தான் சத்தம் எழுப்புவார்கள். பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும், சிலுவை முத்தி நடக்கும், சிலுவைப்பாதை சுற்றிவரும். 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் புனித வாரச் சடங்குகளைத் திருத்தும்வரை இந்தச் சடங்கு காலையிலேயே முடிந்துவிடும். நற்கருணையும் அன்றைக்குக் குருவானவருக்கு மட்டும்தான். ஆக, சாதாரண விசுவாசிக்கு அன்று கிடைத்த ஒரே தொடுகை அந்த முத்தம்.

சீர்திருத்தச் சபைகளில் பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை ஆராதனை. சிலுவையில் சொல்லப்பட்ட ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கம். இந்த மும்மணி ஆராதனையைப் பலரும் சுத்தமான புராட்டஸ்டண்ட் வழக்கம் என்றே நினைக்கிறார்கள். இது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் லீமா நகரில் ஓர் இயேசு சபைக் குரு தொடங்கிய பக்தி முயற்சி. ரோமை வழியாகப் பரவி, ஆங்கிலிக்கன் சபைக்குள் நுழைந்து, நம்மூர் வந்து சேர்ந்திருக்கிறது. சடங்குகள் மதில் தாண்டும், கடல் தாண்டும். சேரிக்கும் ஊருக்கும் நடுவிலுள்ள வாய்க்காலைத் தாண்டுவதுதான் அவற்றுக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது.

3

1706 ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கேயே அச்சாகி முடிந்தது. பாடுகளின் கதை தமிழனின் கையில் அச்சுப் புத்தகமாகக் கிடைத்தது. அப்படிக் கிடைத்தவர்களில் ஒருவர் ராஜநாயக்கன். பறையர். தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, அச்சான வேதத்தைத் தானே படித்து, 1720களின் இறுதியில் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்தவர். தஞ்சை நாட்டுக்குள் ஐரோப்பியப் பாதிரிகள் எளிதில் நுழைய முடியாத காலத்தில், அங்கே உபதேசியாராக அலைந்து சபைகளைக் கட்டியவர்.

1733இல் கடலூர் வேளாளரான ஆரோன் குருப்பட்டம் பெற்றார். தமிழர்களில் முதல் லுத்தரன் குரு அவர்தான். அடுத்த வாய்ப்பு 1741இல் வந்தபோது ராஜநாயக்கனின் பெயரும் அடிபட்டது. பட்டம் தியோகோ என்பவருக்குப் போயிற்று. காரணம் திறமைக்குறைவு அல்ல, ஒழுக்கக்குறைவும் அல்ல. ஒரு பறையர் கையிலிருந்து நற்கருணையை மற்ற சாதிக்காரர்கள் வாங்கமாட்டார்கள் என்பதுதான்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. கத்தோலிக்க வழிபாட்டில் அந்நாட்களில் திராட்சை ரசப் பாத்திரம் குருவோடு நின்றுவிடும். மக்களுக்கு அப்பம் மட்டும். லுத்தரன் சபையோ இரண்டையும் எல்லோருக்கும் தரவேண்டும் என்று சண்டைபோட்டுப் பிரிந்த சபை. ஐரோப்பாவில் மாபெரும் ஜனநாயகக் கோரிக்கையாக இருந்த பாத்திரம் காவிரிக் கரைக்கு வந்ததும் எச்சில் பாத்திரம் ஆகிவிட்டது. உயர்சாதியார் முதலில் குடித்து முடிப்பது, மற்றவர்கள் பிறகு குடிப்பது என்று ஏற்பாடாயிற்று. ராஜநாயக்கன் பாடுகளின் கதையைச் சொல்லலாம், கேட்பவர்களை அழவைக்கலாம். அந்தப் பாத்திரத்தை மட்டும் நீட்டக்கூடாது. சொல்லுக்குத் தீட்டில்லை, கைக்கு உண்டு.

4

தஞ்சாவூரில் இந்தப் பாத்திரச் சண்டை வெளிப்படையாக வெடித்தது 1820களின் கடைசியில். புதிதாக வந்த மிஷனரிமார் சபையில் சாதி வேற்றுமை கூடாது என்றார்கள். எதிர்த்து நின்றவர் சின்னவர் அல்லர்: சரபோஜி மன்னரின் அவையில் இடம்பெற்ற புலவர், பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). வெவ்வேறு சாதியாரைக் கலந்து உட்காரச் சொல்வதை அவர் கொடுமை என்று எழுதினார். அதே மூச்சில் இன்னும் சிலவற்றையும் கொடுமை என்றார்: பப்ரீசியுசின் வேதாகமத்தைத் தள்ளிவிட்டு ரேனியுசின் புதிய மொழிபெயர்ப்பைத் திணிப்பது, விசேஷங்களில் பூமாலை கூடாதென்பது, தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து விலக்குவது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதியை உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். பலர் சபையை விட்டு வெளியேறினார்கள்.

இதை எப்படி வாசிப்பது? காலனிய பேராயர் சமத்துவத்தின் பக்கம் நிற்கிறார். தமிழ் இசைக்கும் தமிழ்ப் பூவுக்கும் வாதாடும் கவிஞர் சாதியின் பக்கம் நிற்கிறார். தமிழ்ப் பண்பாட்டை மீட்டெடுப்பது பற்றி நாம் பேசும்போதெல்லாம் தொண்டையில் சிக்கும் முள் இதுதான். சாஸ்திரியாரின் பட்டியலில் மாலையும் மெட்டும் சாதியும் ஒரே நூலில் கோக்கப்பட்டிருந்தன. அந்த நூலை அறுக்காமலே மாலையை மட்டும் காப்பாற்றிவிடலாம் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மறுபக்கம், மேலிருந்து வந்த உத்தரவு எதையும் முடித்துவைக்கவும் இல்லை. பாத்திரத்தில் வாய்வைக்க மறுத்தவர்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. வாய்வைக்கக் காத்திருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்குப் பக்கங்கள் மிகக் குறைவு.

5

கத்தோலிக்கத் தரப்பு யோக்கியம் என்று யாரும் மார்தட்ட வேண்டாம். தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து பிராமண சந்நியாசியாக வாழ்ந்தார். 1640 வாக்கில் மற்றச் சாதிகளுக்கெனப் பண்டாரசாமிகள் என்ற பிரிவு தொடங்கிற்று. 1744இல் பாப்பரசரே பறையர்களுக்கென்று தனி மிஷனரிகளை ஒதுக்கும் ஏற்பாட்டை அங்கீகரித்தார். ஆலயத்துக்குள் சாதிக்கு ஒரு பக்கம், நடுவே கிராதி அல்லது சுவர். நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்துக் கோயிலுக்கு இரண்டு நடைகள் வைத்தே கட்டினார்கள். சுவரை இடித்தபோது வழக்கு உயர்நீதிமன்றம்வரை போயிற்று. உட்காருவதற்கும் நற்கருணை வாங்குவதற்கும் சாதி வரிசை இருந்த இடத்தில், சிலுவை முத்தியின் வரிசை மட்டும் கலந்து நின்றிருக்கும் என்று நம்ப என்னால் முடியவில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. நம் கிராம ஒழுங்கில் பிணம் யாருடைய வேலை? சாவு சொல்லப் போவது, பறை அடிப்பது, குழி வெட்டுவது, சுடலை காப்பது எல்லாம் தலித்துகள் தலையில் சுமத்தப்பட்ட வேலை. கூலியும் சரியாகக் கிடையாது, இழிவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஆண்டுக்கு ஒருநாள், ஒரே ஒரு பிணம் மட்டும் கௌரவம் ஆகிறது. அன்றைக்குச் சுரூபத்தைத் தூக்குவது உரிமை, முன்னால் நடப்பது மரியாதை. உடனே அந்த வேலை மட்டும் 'அவங்களுக்கு' இல்லை என்றாகிவிடுகிறது. செத்தவர் ஊர்க்காரர் என்றால் நீ வா. செத்தவர் கடவுள் என்றால் நீ தள்ளி நில். தீட்டு என்பது பிணத்தில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமா?

இது பழைய கதை இல்லை. 2008 மார்ச் 9, தவக்காலம். இறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். தங்கள் செத்தவர்களைப் பொதுத்தெரு வழியாகக் கோயிலுக்குக் கொண்டுவர முடியாததும் அவர்களுடைய குறைகளில் ஒன்று. ஊர்த் தரப்பு அவர்கள்மேல் பாய்ந்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் செத்தார்கள். 12 நாள் கழித்துப் பெரிய வெள்ளி.

6

மறுபடி நம் பக்கத்துக்கு வருவோம். கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்குக் கிடைத்த தண்டனை சாணிப்பாலும் சவுக்கடியும். 1943இல் தென்பறையில் சங்கம் வைத்து, பி. சீனிவாசராவ் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து, 1944இல் மன்னார்குடி ஒப்பந்தத்தில்தான் அவை முடிவுக்கு வந்ததாக எழுதிவாங்கினார்கள். சவுக்கும் கசப்புப் பானமும் சுவிசேஷத்தின் பாடுகளிலும் உண்டு. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் அந்தக் கசப்பின் நினைவாகப் பெரிய வெள்ளியன்று கைப்புநீர் குடிக்கிறார்கள். ஓரிடத்தில் பக்தியோடு ஒரு மிடறு. இன்னோரிடத்தில் கட்டிவைத்து வாயில் ஊற்றியது.

மாற்கு சுவிசேஷத்தில் ஒரு சின்னப் பாத்திரம் வருகிறது. சிரேனே ஊர்க்காரன் சீமோன். வயற்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தவனைப் பிடித்து, சிலுவையைத் தூக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்கள். இதற்குச் சோழர் கல்வெட்டுகளிலேயே பெயர் இருக்கிறது: வெட்டி. கூலியில்லாத கட்டாய வேலை. சாவுக்குப் பிறகு ஆளுநரிடம் போய் உடலைக் கேட்டு வாங்குபவரோ அரிமத்தியா சூசை, செல்வாக்குள்ளவர். சுமப்பதற்கு வயலிலிருந்து வந்த ஆள். உரிமை கோருவதற்குப் பெரிய மனிதர். நம் பிரசங்கங்களில் சீமோன் 'பாக்கியசாலி' என்று புகழப்படுகிறான். அவனுக்கு விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை.

பழி போடுவதிலும் ஒரு வசதி இருந்தது. பல நூற்றாண்டுகளாக இந்த நாளின் மன்றாட்டு யூதர்களைத் துரோகிகள் என்றது; 1959இல்தான் 23ஆம் அருளப்பர் அந்தச் சொல்லை நீக்கினார். ஐரோப்பாவில் அதன் விளைவு பயங்கரம். இங்கே யூதரே இல்லாத ஊரில் அது வேறு வேலை செய்தது. எங்கேயோ இருக்கும் யூதனைத் திட்டி அழுதுவிட்டால், பக்கத்துப் பண்ணையின் கையிலிருக்கும் சவுக்கைப் பார்க்கவேண்டியதில்லை.

ஆனால் எச்சரிக்கை ஒன்று. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கிறிஸ்துமஸ் இரவு என்பதால் அவர்களைச் சிலுவையில் ஏற்றிப் பார்க்கும் ஆசை இறையியலாளர்களுக்கு வருகிறது. நல்லெண்ணம்தான். என்றாலும் அவர்கள் செத்தது கூலிக்காகவும் செங்கொடிக்காகவும். அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது அவர்கள் கையிலிருந்த கொடியைப் பிடுங்குவது ஆகிவிடும். பெரிய வெள்ளி வெண்மணியிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். வெண்மணியைச் சொந்தம் கொண்டாடக்கூடாது.

7

மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியாஃபிலஸ் அப்பாவு, 'பரட்டை', நற்கருணையை 'ஒரே உலை' என்று பேசினார். ஓர் உலையில் பொங்கி எல்லாரும் தின்பது. எச்சிலுக்கும் தீட்டுக்கும் பதில் சொல்ல அவர் இறையியல் நூலைத் தேடவில்லை, அடுப்பங்கரைக்குப் போனார். பெரிய வெள்ளியன்று பல கோயில்களில் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறார்கள். அண்டாவை யார் தொடுகிறார், யார் வீட்டுப் பாத்திரத்தில் காய்ச்சுகிறார்கள், யார் யார் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்று கவனித்தால் அந்த ஊரில் இந்த நாளுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துவிடும்.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கத்தோலிக்கர்களைத் தனியே பிரிக்கும் சுவரைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசுகிறோம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியதையும் சரியாகவே கண்டிக்கிறோம். அரசிடம் "எங்களுக்குள்ளும் சாதி இருக்கிறது" என்று மனுக்கொடுக்கிற சபை, பீடத்தின் முன்னால் "எங்களுக்குள் சாதி இல்லை" என்று பாடிக்கொண்டிருக்க முடியாது. இரண்டில் ஒன்றை வாய்விட்டுச் சொல்லியாகவேண்டும். அதற்குப் பெரிய வெள்ளியைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

சபைக்குள் இருக்கும் தோழர்கள் அடுத்த பெரிய வெள்ளிக்கு ஒரு வேலை செய்யலாம். சுரூபம் போகும் தெருக்களின் பெயரையும், அதைத் தூக்குகிறவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ராஜநாயக்கனுக்குப் பாத்திரம் மறுக்கப்பட்டது நமக்குத் தெரிவது, அன்று யாரோ அதை எழுதிவைத்ததால்தான்.