பெக்ளேரும் ஹோல்ட்ஸ்க்னெக்டும்: கதிரியலின் இரு ஆசான்கள்

1895 இறுதியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்ததும் முதலில் அதைக் கையாண்டவர்களில் புகைப்படக்காரர்களும் மின்கருவி வல்லுநர்களும் பலர். நோயைப் படித்தவர்தான் நிழலையும் படிக்க வேண்டும் என்று வாதாடி, கதிரியலை மருத்துவப் பாடமாக்கியவர்களில் பாரிஸின் ஆந்த்துவான் பெக்ளேரும் (1856–1939) வியன்னாவின் கீடோ ஹோல்ட்ஸ்க்னெக்டும் (1872–1931) முன்வரிசையில் நிற்பவர்கள்.

பெக்ளேர் இத்துறைக்கு வந்தபோது நாற்பதைக் கடந்தவர்; தடுப்பாற்றல் ஆய்வில் பெயர் பெற்ற மருத்துவர். 1897இல் தெனோன் மருத்துவமனையில் சொந்தச் செலவில் எக்ஸ்ரே ஆய்வகம் அமைத்தார். ஹோல்ட்ஸ்க்னெக்டோ கதிரியலோடு சேர்ந்தே வளர்ந்தவர். மார்பு உறுப்புகளின் எக்ஸ்ரே ஆய்வு பற்றி 1901இல் நூல் வெளியிட்டபோது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை.

பெக்ளேரின் கவனம் பார்ப்பவரின் கண்மீது இருந்தது. ஒளிர்திரையில் மங்கலாகத் தெரியும் நிழலைப் படிக்குமுன் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதை 1899இல் விளக்கினார். ஹோல்ட்ஸ்க்னெக்டின் கவனம் கதிரின் அளவில் இருந்தது. கதிர் பட்டால் நிறம் மாறும் உப்பு வில்லைகளை நோயாளியின் தோலருகே வைத்து, அந்நிறத்தை ஓர் அளவுகோலோடு ஒப்பிடும் கருவியை 1902இல் அறிமுகப்படுத்தினார். அதுவரை குத்துமதிப்பாக நடந்த கதிர்ச் சிகிச்சைக்கு ஓர் அலகு கிடைத்தது.

கற்பித்தலில் இருவரும் சளைத்தவர்கள் அல்லர். சாந்த்-ஆந்த்துவான் மருத்துவமனையில் பெக்ளேர் நடத்திய ஞாயிறு வகுப்புகள் புகழ்பெற்றவை. முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவர்களையும் பயிற்றுவித்தார். வியன்னா பொது மருத்துவமனையில் ஹோல்ட்ஸ்க்னெக்ட் தலைமையேற்ற எக்ஸ்ரே நிலையத்துக்கு அமெரிக்காவிலிருந்தும் மாணவர்கள் வந்தனர்.

முடிவில்தான் இருவரும் பிரிகிறார்கள். பாதுகாப்பைத் தொடக்கத்திலிருந்தே வலியுறுத்திய பெக்ளேர் 82 வயது வரை வாழ்ந்தார். ஹோல்ட்ஸ்க்னெக்ட் கதிர்ப் புண்ணால் விரல்களையும் பின்னர் வலக்கையையும் இழந்து, 58 வயதில் இறந்தார். கதிருக்குப் பலியானோருக்காக 1936இல் ஹாம்பர்க்கில் எழுந்த நினைவுச் சின்னத்தில் அவர் பெயர் உண்டு. அதன் திறப்பு விழாவில் உரையாற்றியவர் பெக்ளேர்.

இதை வைத்து ஒருவரை விவேகி என்றும் மற்றவரை அசட்டையானவர் என்றும் தீர்ப்பிடுவது அவசரம். நோயாளிக்குச் செல்லும் கதிரை அளக்க ஹோல்ட்ஸ்க்னெக்ட் வழி கண்டார். கருவியருகே நாள்தோறும் நிற்பவர் மேல் படுவதை அளக்கும் வழக்கம் அன்று பரவலாக இல்லை. இன்று எக்ஸ்ரே பணியாளர் மார்பில் குத்தியிருக்கும், தன்மேல் படும் கதிரின் அளவைப் பதியும் டிஎல்டி பேட்ஜ் அந்த இடைவெளியை நிரப்புகிறது: ஹோல்ட்ஸ்க்னெக்டின் அளவையும் பெக்ளேரின் எச்சரிக்கையும் அதில் ஒன்று சேர்ந்துள்ளன.