சுருள்வில்களின் துருத்தடுப்பு வரலாறு

சுருள்வில் (ஸ்பிரிங்) என்பது அழுத்தினால் சுருங்கி, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும் உலோக உறுப்பு. அனல்மின் நிலையம் போன்ற இடங்களில், கொதிகலனின் நீராவி அழுத்தம் எல்லை மீறினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு அடைப்பிதழ்களைப் பொதுவாக இத்தகைய வில்களே அழுத்திப் பிடிக்கின்றன. அந்த வில் முறிந்தால் அடைப்பிதழ் உரிய அழுத்தத்தில் வேலை செய்யாது.

தூணிலோ உத்தரத்திலோ துரு பிடித்தால் உலோகம் மெல்லத் தேயும். வில்லில் நிலைமை வேறு. கம்பி முறுக்கப்படும்போது அதன் மேற்பரப்பே அதிக விசையைத் தாங்குகிறது. துருவும் அங்கேதான் குழி பறிக்கிறது. ஊசிமுனை அளவுக் குழியிலிருந்து விரிசல் கிளம்பி, ஒருநாள் வில் திடீரென ஒடிகிறது. அரிப்பும் தொடர் அசைவும் சேர்ந்தால் உலோகம் விரைவில் களைத்துப்போகும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் மக்ஆடம் 1920களில் விரிவான சோதனைகளால் காட்டினார்.

எண்ணெயும் வண்ணப்பூச்சுமே பழைய காப்புகள். ஆனால் வில் அசையும்போது சுருள்கள் ஒன்றோடொன்று உரசினால் பூச்சு உரிந்துவிடும். எனவே துத்தநாகம், காட்மியம் ஆகியவற்றை மின்முலாமாகப் பூசும் வழக்கம் பரவியது. துருவைத் தடுக்க வந்த இம்முறையே வில்லை முறித்ததுதான் இவ்வரலாற்றின் விசித்திரம். முலாம் பூசுமுன் கம்பியை அமிலத்தில் கழுவுவர். அப்போதும், முலாமிடும்போதும் உண்டாகும் ஐதரசன் எஃகுக்குள் நுழைந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்குகிறது. வெளியே பளபளக்கும் புதிய வில், பொருத்திய சில மணி நேரத்திலோ நாட்களிலோ ஒடியக்கூடும்.

இந்த எச்சரிக்கை முன்பே கிடைத்திருந்தது. அமிலத்தில் சில நிமிடங்கள் நனைத்த இரும்பு தன் உறுதியை இழப்பதையும், நாள் செல்லச்செல்ல அதை மீளப் பெறுவதையும் டபிள்யூ. எச். ஜான்சன் 1875இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் வெளியிட்டார். ஒடித்த முகத்தை ஈரப்படுத்தியபோது குமிழ்கள் வந்ததையும் அவர் கவனித்தார். இன்றைய தீர்வு அதே தர்க்கத்தைப் பின்பற்றுகிறது: முலாமிட்ட சில மணி நேரத்துக்குள் வில்லை ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் பல மணி நேரம் சூடாக்கி ஐதரசனை வெளியேற்றுவர். தாமதித்தால் உள்ளே விரிசல் தொடங்கிவிடலாம். பிறகு சூடாக்கிப் பயனில்லை.

இந்தியாவில் மின்முலாம், அரிமானம் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் ஆராயும் நிறுவனம் காரைக்குடியில் அமைந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948 சூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14இல் இராதாகிருட்டிணன் திறந்துவைத்தார். உப்புக்காற்று வீசும் மண்டபத்தில் உலோகங்களையும் பூச்சுகளையும் வெட்டவெளியில் வைத்துச் சோதிக்கும் நிலையமும் இதற்கு உண்டு.

காட்மியத்தின் நச்சுத்தன்மை தெரியவந்தபின் அதன் பயன்பாடு குறைந்தது. துருப்பிடிக்காத எஃகு கைகொடுத்தாலும் விலை அதிகம். கடலோர உப்பு அதையும் குழியாக்கும். இப்போது வாகன வில்களுக்குத் துத்தநாகச் செதில் பூச்சு பரவலாகப் பயன்படுகிறது. இதைப் பூச மின்சாரம் தேவையில்லை. அமிலத்துக்குப் பதிலாக எஃகு மணிகளை வீசிக் கம்பியைத் துப்புரவு செய்தால், பூசும் வேலையில் ஐதரசன் நுழைய வழியில்லை.